தள்ளிப்போன மூட்டு ஆபரேஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோவிட் காலத்தில் தள்ளிவைக்கப்பட்ட மூட்டு அறுவை சிகிச்சைகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

முழங்கால் தேய்மானம் உயிருக்கு ஆபத்தான நோய் இல்லையே. ஆபரேஷன் சில மாதம் தள்ளிப்போனால் என்ன?

உயிர் போகாது என்பது உண்மை. ஆனால் வலியால் தூக்கம் போகும், நடமாட்டம் குறையும், தொடைத் தசை மெலியும். பிரிட்டனில் 2020இல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். இடுப்பு மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கைத் தரம், அந்த ஆய்வின் அளவுகோலில் ‘மரணத்தைவிட மோசம்’ என்ற நிலையில் இருந்தது. முழங்காலுக்குக் காத்திருந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கும் அதே நிலைதான். ‘வெறும் மூட்டு வலிதானே’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தொற்று அடங்கியபிறகும் வரிசை ஏன் குறையவில்லை?

தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2.8 கோடி திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று 2020 மே மாதம் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு கணித்தது. அதில் எலும்பு மூட்டு சார்ந்தவை மட்டும் 60 லட்சத்துக்கு மேல். வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தாலும் பாக்கியைத் தீர்க்க 45 வாரம் ஆகும் என்றும் அதே குழு சொன்னது.

அந்த 20 சதவீதம்தான் சிக்கல். பழைய வேகத்துக்குத் திரும்பினால் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் சரியாக இருக்கும். பாக்கி அப்படியே நிற்கும். கூடுதலாகச் செய்ய அறுவை நிபுணர் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர் செவிலியர், காலிப் படுக்கை, பிசியோதெரபிஸ்ட் எல்லாம் ஒரே நாளில் அமைய வேண்டும். தொற்றுக் காலத்தில் இவர்களில் பலரைத்தான் ஐசியுவுக்கு மாற்றினார்கள். களைத்துப்போய் வேலையை விட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் எல்லாத் துறைகளும் சேர்ந்த காத்திருப்புப் பட்டியல், தொற்றுக்கு முன் 46 லட்சத்தை ஒட்டி இருந்தது. 2023இல் 77 லட்சத்தைத் தொட்டது.

அம்மாவுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. அதுவரை என்ன செய்யலாம்?

தொடைத் தசைக்கான பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்று தினமும் செய்யட்டும். ஆபரேஷனுக்கு முன்பே தசை வலுவாக இருந்தால் பின்னால் எழுந்து நடப்பது எளிது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை, பல் தொற்று எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்யுங்கள். கடைசி நேரத்தில் ஆபரேஷன் ரத்தாவதற்கு இவையும் காரணமாகின்றன. வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போடக் கூடாது. சிறுநீரகமும் வயிறும் கெடும். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், அடுத்த 3 மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்வதைப் பொதுவாகத் தவிர்ப்போம், மூட்டில் கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால். எனவே ஊசிக்கு முன் தேதி விவரத்தைச் சொல்லுங்கள்.

கோவிட் வந்து குணமான எத்தனை நாளில் ஆபரேஷன் செய்யலாம்?

தொற்று வந்து 7 வாரமாவது கழியட்டும் என்று 2021இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. அது தடுப்பூசி பரவலாவதற்கு முந்தைய தரவு. இன்று லேசாக வந்துபோனவருக்கு மயக்க மருந்து நிபுணர் அதற்கு முன்பே அனுமதிக்கலாம். மூச்சிரைப்பு இன்னும் இருந்தால் காத்திருப்பதே நல்லது.

கோவிட்டுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து தொடை இடுக்கில் வலி. இதற்கும் வரிசையில் நிற்க வேண்டுமா?

வேண்டாம், சீக்கிரம் காட்டுங்கள். தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் பாதிப்பாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். எலும்புத் தலை நொறுங்குவதற்குள் கண்டால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு. அதுபோல, ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்கு மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, முதுகுப் பிரச்சினை உள்ளவருக்கு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, கால் மரத்து பலம் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டியலில் உங்கள் இடம், பெயர் பதிந்த நாளன்று இருந்த நிலையை வைத்துத்தான். நிலைமை மோசமானால் நீங்கள் சொல்லாமல் மருத்துவமனைக்குத் தெரியாது.