மகனுக்குத் தடை, எதிராளிக்கு எச்சரிக்கை: விளையாட்டு மோட்களிடம் நியாயம் கேட்க முடியுமா?

கேள்வி: என் மகன் உயர்நிலை 3 படிக்கிறான், வயது 15. அவன் ஆடும் கேமுக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வர், அதாவது குழு, இருக்கிறது. ஆடுகிற பிள்ளைகளே அங்கே மோட், அதாவது ஒழுங்கு பார்க்கிறவர்கள். மே 28 இரவு ஒருவன் இவனைக் 'கெலிங்' என்று, இந்தியர்களை இழிவாகச் சொல்லும் சொல்லால், திட்டினான். இவன் பதிலுக்கு 'போடா பக்கி' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டான். 'இன வசை' என்று காரணம் காட்டி இவனுக்கு நிரந்தரத் தடை. அவனுக்கு வெறும் எச்சரிக்கை. தீர்ப்புச் சொன்ன மோட் அவனோடு ஒரே அணியில் ஆடுகிறவன். டெலிகிராமில் ஒருவர் 150 வெள்ளி கொடுத்தால் தடையை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

டிஸ்கார்ட் சர்வர் ஒன்றில் தடை போடுவதும் எடுப்பதும் அதன் உரிமையாளர், அவர் அதிகாரம் கொடுத்தவர்கள், இவர்கள் கையில் மட்டுமே இருக்கிறது. வெளியாளிடம் அதற்குச் சாவி கிடையாது. சென்ற ஆண்டு தெம்பனிசிலிருந்து ஒரு தந்தை என்னிடம் வந்தார். முதல் நாள் 80 வெள்ளி, பேநவ்வில். மறுநாள் 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று 120. மூன்றாம் நாள், "மகன் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதை மட்டும் அனுப்புங்கள் சார்." அனுப்பினார். பத்து நிமிடத்தில் கேம் கணக்கே கைமாறிவிட்டது. நான்கு வருடமாகப் பையன் சேர்த்த ஸ்கின்கள், அதாவது ஆட்ட அலங்காரங்கள், அத்தனையும் போச்சு. தடை மட்டும் போகவில்லை.

இன்னொரு ரகமும் உண்டு. மோட் என்று சொல்லிக்கொண்டே வந்து, "சர்வருக்கு நன்கொடை கொடுங்கள், பேசிப் பார்க்கிறேன்" என்பார்கள். அவன் நிஜமாகவே மோட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். காசுக்குத் தடையை எடுப்பவன் காசுக்குத் தடையைப் போடவும் செய்வான். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். சந்தேகம் என்றால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். புதுக் கணக்கு திறந்து பின்வாசல் வழியாக நுழையலாம் என்று மகனின் கூட்டாளிகள் யோசனை சொல்வார்கள். அதுவும் வேண்டாம். பிடிபட்டால், கையில் இருக்கும் நியாயமும் போய்விடும்.

இப்போது உங்கள் வழக்கு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். 'பக்கி' என்றால் நம் வீட்டில் பாட்டிகூடப் பேரனைத் திட்டுகிற சொல். ஆங்கில எழுத்தில் தட்டினால் அது பாகிஸ்தானியரை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்லைப் போலவே தெரியும். தமிழ் தெரியாத மோட்டின் கண்ணுக்கு அது இன வசைதான். 'கெலிங்' என்ற சொல்லையோ அவன் நீக்கிவிட்டு எச்சரிக்கையோடு முடித்துக்கொண்டான். தண்டனை கொடுத்துவிட்டதாக அவன் நினைத்திருக்கலாம். ஆனால் நீக்கியதும் அந்தப் பையனின் குற்றம் திரையிலிருந்து மறைந்தது; உங்கள் மகனின் பதில் மட்டும் காரணமில்லாமல் தொங்கிக்கொண்டு நிற்கிறது. பிறகு வந்து பார்க்கிற யாருக்கும் உங்கள் மகன்தான் வம்புக்காரன்.

நடுநிலை என்பது மோட் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே இல்லை. வீவக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தடிக்கிற பிள்ளைகளில் ஒருவனே விசிலும் ஊதினால், அவன் உத்தமனாகவே இருந்தாலும் தன் அணியின் ஃபவுல் அவன் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். பெரிய நிறுவனங்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் 2011-ல் 'டிரிபியூனல்' என்று ஆட்டக்காரர்களே உரையாடலைப் படித்து வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் பெரும்பான்மையோடு ஒத்து வாக்களித்தவருக்கு விளையாட்டுப் புள்ளிகள் கிடைத்தன. படிக்காமலே 'தண்டி' என்று அமுக்குகிறார்கள் என்ற புகார் கிளம்பியது. 2014-ல் மூடிவிட்டார்கள். கவுண்டர் ஸ்டிரைக்கில் 2013-ல் வந்த 'ஓவர்வாட்ச்' ஏமாற்றி ஆடுவோரைப் பிடிக்க வந்தது, வசவுக்கு அல்ல. ஆனாலும் அதில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பதிவைப் பார்ப்பவருக்குச் சந்தேக நபரின் பெயர் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் 'நம்ம ஆளு' என்பதும் தெரியாது.

ஆகவே 'நியாயமாக நடந்துகொள்ளுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், சிரிப்பார்கள். சர்வரின் உரிமையாளருக்கு உங்கள் மகனே எழுதட்டும். அம்மா எழுதினால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேடிக்கை பார்ப்பார்கள். நாலே வரி போதும்: எந்தத் தேதி, எந்தச் சேனல், நான் எழுதிய சொல் இது, தமிழில் பொருள் இது, திட்டியது தவறுதான், அதற்கு முந்திய செய்தி நீக்கப்பட்டிருக்கிறது, ஆடிட் லாகில் (மோட்கள் செய்ததெல்லாம் பதியும் ஏட்டில்) பாருங்கள், முடிவெடுத்தவர் எதிர்த்தரப்பின் அணிக்காரர், ஆகவே அவரல்லாத ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உரிமையாளர் மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. அவர் வீடு, அவர் வாசல்.

கேம் நிறுவனத்துக்கு எழுதலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். எழுதுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். நான் இப்படி ஒரு நிறுவனத்துக்கு ஏழு கடிதம் எழுதி, ஏழு முறையும் ஒரே இயந்திரப் பதிலைப் பெற்றவன். கோடிகள் புரளும் தொழிலில் குப்பை அள்ளும் வேலை மட்டும் பதினாறு வயதுத் தொண்டூழியர்கள் தலையில்!

ஒரே ஒரு இடத்தில் மோட்களை விட்டுவிட்டு நேரே சட்டத்திடம் போக வேண்டும். வசையோடு உங்கள் மகனின் நிஜப் பெயர், பள்ளி, வீட்டு முகவரி, கைபேசி எண், சீருடைப் படம் இவற்றில் ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு முறை கேளுங்கள், பிள்ளைகள் மறைப்பார்கள். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இங்கே சிங்கப்பூரில் 2014-ல் வந்தது. 2020 ஜனவரி 1 முதல், ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவர் யார் என்று காட்டும் விவரத்தை வெளியிடுவதும் அதன்கீழ் குற்றம். புனைபெயர் மட்டும் இருந்தால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். புனைபெயரோடு பள்ளியும் வகுப்பும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடுகிறதே, அந்தச் சேர்க்கையும் கணக்கில் வரும். ஆனால் நோக்கம் முக்கியம்: கூட்டாளி ஒருவன் பேச்சுவாக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது இதில் சேராது. இவ்வகை வழக்குகளுக்கென்றே 2021 ஜூன் 1 முதல் தனி நீதிமன்றம் இருக்கிறது. பிள்ளைக்காகப் பெற்றோர் முன்னிற்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கடைசியாக, ஆதாரம். தடை விழுந்த பிறகு உங்கள் மகனால் சர்வருக்குள் எதையும் பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் நண்பன் ஒருவனைக் கேட்டு, அன்றைய உரையாடலை நேரம் தெரியும்படி, முன்னும் பின்னும் இருபது வரி சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நீக்கிய செய்தியின் வாசகம் ஆடிட் லாகில் இருக்காது. எந்தச் சேனலில், யாருடைய செய்தியை, எந்த மோட் நீக்கினான் என்பது இருக்கும். அதுவும் 45 நாள்தான். மே 28-லிருந்து எண்ணினால் ஜூலை 12. இதை நான் எழுதுவது ஜூலை 5. கடிதத்தை இன்றிரவே அனுப்பச் சொல்லுங்கள்.