கிட் மாட்டிய பிறகு ஸ்பார்க் வரவில்லையா? பழைய பெட்ரோல் வண்டிகளுக்கான கேள்வி பதில்

பாயிண்ட்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டிய பழைய டிராக்டர், ஜீப் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பாயிண்ட் என்பது ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை வெட்டும் சின்ன சுவிட்ச், கண்டென்சர் அதன் முனை கருகாமல் காப்பது. காயில் பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்துவது. கிட்டில் பாயிண்ட்டின் வேலையை மாட்யூல் என்ற எலெக்ட்ரானிக் பெட்டி செய்யும். சேலத்தில் பல வருடமாக டைனமோ (பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது), டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) வேலை பார்க்கிறேன். கையில் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

வாழப்பாடியிலிருந்து: அண்ணா, தாத்தா காலத்து பெட்ரோல் ஃபெர்குசன் டிராக்டர். கிட்டோடு வந்த தாளில் போட்டிருந்தபடியே சிவப்பு ஒயரைக் காயில் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் கொடுத்தேன். சாவி போட்டதும் தீய்ந்த வாடை அடித்தது. ஸ்பார்க்கே இல்லை.

தம்பி, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த ஒயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இங்கிலாந்தில் செய்து, லூகாஸ் கம்பெனி மின் சாமான்களோடு வந்த பழைய ஃபெர்குசனில் பிளஸ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைவது பிளஸ் முனை. கடையில் எளிதாகக் கிடைக்கும் கிட் மைனஸ் எர்த் வண்டிக்குச் செய்தது. பாயிண்ட் வெறும் சுவிட்ச். கரண்ட் எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். மாட்யூலுக்குள் இருப்பது டிரான்சிஸ்டர், தலைகீழாகக் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். வாடை வந்துவிட்டதால் உங்களுடையது பிழைத்திருக்காது. நானும் தொடக்கத்தில் ஒரு மாட்யூலை இப்படித்தான் எரித்தேன். வண்டிக்காரருக்கு என் காசில் புதிது வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வண்டியிலும் ஒயரைத் தொடுவதில்லை.

இனி இரண்டு வழி இருக்கிறது. பிளஸ் எர்த்துக்கென்றே செய்த கிட் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் வண்டியையே மைனஸ் எர்த்துக்கு மாற்றலாம். பேட்டரி ஒயர்களைத் திருப்பிப் போட்டு, காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் அம்மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். டைனமோவில் டி, எஃப் என்ற முனைகளின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயரால் எஃப் முனையை ஒரு கணம் தொட்டு எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் டைனமோ பழைய திசையிலேயே சார்ஜ் கொடுக்கும். செல்ஃப் மோட்டாரில் எதையும் மாற்ற வேண்டாம்.

ஏற்காடு நாகலூர் காப்பித் தோட்டத்திலிருந்து: ஐயா, பழைய பெட்ரோல் ஜீப். சேலத்திலிருந்து ஏறும்போது பாதி வளைவு தாண்டியதும் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் கிளம்புகிறது. கிட் மாட்டுவதற்கு முன் இப்படி இல்லை.

இந்தக் கேள்வி ஏற்காட்டு வண்டிகளிலிருந்து எனக்கு நிறைய வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் கீழ் கியரிலேயே ஏறும்போது பானெட்டுக்குள் அடுப்பு மாதிரி சூடு. நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், ஒரு பிளக் ஒயரைக் கழற்றி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அதை எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. நீல ஸ்பார்க் பளிச்சென்று வந்தால் கிட் மேல் குற்றமில்லை. பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது. ஸ்பார்க் இல்லையென்றால் காயிலின் மேல் ஈரத்துணி சுற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். ஸ்பார்க் திரும்பினால் காயில்தான் சூட்டில் படுக்கிறது.

அது ஏன் சுடுகிறது? மீட்டரில் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 3 ஓம் காட்டினால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர்தான் இழுக்கும். 1.5 ஓம் காட்டினால் 8 ஆம்பியர். அந்த ரக காயிலுக்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் பெட்டி போல, கரண்ட்டைக் குறைக்கும் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். கிட் மாட்டும்போது ‘மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் வேண்டும்’ என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மாட்யூலின் சிவப்பு ஒயருக்கு முழு வோல்ட் வேண்டும் என்பது உண்மை. அதைப் பேலஸ்ட்டுக்கு முன்னால், சாவிப் பக்கத்தில் கொடுங்கள். காயிலுக்குப் போகும் ஒயர் பேலஸ்ட் வழியாகவே போகட்டும். உங்கள் ஜீப்பில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காயிலும் மாட்யூலும் சேர்ந்து வெந்துவிடும்.

ஓமலூரிலிருந்து: செல்ஃப் அடித்தால் பிடிப்பதில்லை, தள்ளினால் உடனே பிடிக்கிறது. மாட்யூல் கெட்டுவிட்டதா?

தள்ளினால் பிடிக்கிறதே, அப்புறம் எப்படிக் கெட்டதாகும்? செல்ஃப் இழுக்கும் இழுப்பில் வோல்ட் விழுகிறது. மீட்டரை மாட்யூலின் சிவப்பு ஒயரில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 9-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் எவ்வளவு குறைந்த வோல்ட்டிலும் ஏதோ ஒரு ஸ்பார்க் கொடுக்கும், மாட்யூல் ஓர் எல்லைக்குக் கீழே வேலையே செய்யாது. பேட்டரி முனைகளையும் எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தையும் பெயின்ட், துரு போக உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டையும் உடலையும் இணைக்கும் மெல்லிய எர்த் ஒயர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து: மார்கழிப் பனியில் காலையில் மிஸ்ஸிங், எஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பென்சில் கோடு போட்டது போல மெல்லிய கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கேப்பை மாற்றுங்கள், துடைத்தால் போகாது. பிளக் ஒயர்களையும் அப்போதே பாருங்கள். உள்ளே வெறும் செம்புக் கம்பி ஓடும் பழைய ஒயராக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயராக மாற்றுங்கள். செம்பு ஒயரின் மின் இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பிவிடும்.

அதே ஊரிலிருந்து: பிளக் கறுப்பாகிறது, கிட் காரணமா?

பெரும்பாலும் இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் செட் செய்த கார்பரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். அதைப் பாருங்கள்.

ஆத்தூரிலிருந்து: என் டீசல் டிராக்டருக்குக் கிட் போடலாமா?

வேண்டாம். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது, அழுத்தத்தின் சூட்டில்தான் எரிகிறது. ஸ்டார்ட்டிங் சிரமம் என்றால் பம்ப், நாசில், கம்ப்ரஷன் பக்கம் பாருங்கள்.

அயோத்தியாபட்டணத்திலிருந்து: மாட்டிய பிறகு ஏற்றத்தில் டொக்டொக் என்று தட்டுகிறது. டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) தொடவே இல்லை.

தொடாததுதான் காரணம். பாயிண்ட் திறந்த இடமும் கிட்டின் காந்தம் மாட்யூலைக் கடக்கும் இடமும் ஒன்றாக இருக்காது. டைமிங் லைட் வைத்துப் புதிதாக செட் செய்யுங்கள். லைட் ஆடி ஆடிக் காட்டினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பிடித்து அசையுங்கள். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் எந்தக் கிட்டும் அதைச் சரிசெய்யாது, லேத்தில் கொடுத்துப் புது புஷ் போடுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: கழற்றிய பாயிண்ட், கண்டென்சரை எடைக்குப் போட்டுவிடலாமா அண்ணா?

போடாதீர்கள். தட்டோடு அப்படியே எடுத்து, துணியில் சுற்றி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் சேர்த்து சீட்டுக்கு அடியில் வையுங்கள். மாட்யூல் வழியில் போனால் கையால் பழுது பார்க்க முடியாது. பாயிண்ட் இருந்தால் மலையில் நின்றாலும் அரை மணி நேரத்தில் மாட்டி, 0.4 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். கண்டென்சரையும் மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் பாயிண்ட் முனை சீக்கிரமே கருகிவிடும்.