முதலில் மூச்சை விடப் பழகுவோம்: பிராணாயாமம் கேள்வி பதில்

பிராணாயாமம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். 22 வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கும் அனுபவத்தில் எழுதுகிறேன், ஆனால் நான் மருத்துவர் இல்லை. மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கேள்வி: மாஸ்டர், எனக்கு 28 வயது. திருமந்திரத்தில் வரும் 16-64-32 மூச்சுக் கணக்கை வீடியோ பார்த்து மூன்று வாரமாகச் செய்கிறேன். 64 எண்ணி முடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கிறது. பகல் முழுக்கத் தலை கனமாக இருக்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை. போகப்போகப் பழகிவிடுமா?

பதில்: பழகாது தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். கணக்கு திருமூலர் சொன்னதுதான்: பூரகம் (மூச்சை இழுப்பது) 16, கும்பகம் (உள்ளே அடக்குவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32. ஆனால் அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் (மூன்றாம் பகுதியில்) இயமம் (தீயதைத் தவிர்ப்பது), நியமம் (நல்லொழுக்கம்), ஆதனம் (இருக்கை நிலை) எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பிராணாயாமத்துக்கே வருகிறார். நீங்கள் மூன்று படியைத் தாண்டி நான்காவதில் காலை வைத்திருக்கிறீர்கள். அப்புறம், அது மாத்திரைக் கணக்கு. கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம்தான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, கடிகாரத்தின் ஒரு செகண்ட் அதைவிட நீளம். நீங்கள் செகண்டாக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 112 செகண்ட் ஆகிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விட்டுக்கொண்டிருந்த உடம்பு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு மூச்சு என்றால் பயப்படாமல் என்ன செய்யும்? சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெதுவாகப் பழக்குவது போல மூச்சைப் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் விக்கல், இரைப்பு, தலைவலி எல்லாம் வரும் என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலும் எச்சரிக்கிறது.

மூச்சை அடக்குவதற்கு முன்னால் அதை விடத் தெரிய வேண்டும், நான் யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். என் வகுப்புக்கு ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்தார். மூச்சை இழுங்கள் என்றால் தோள் இரண்டும் காதைத் தொடும் அளவுக்கு ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், வயிறு மட்டும் அசையவே அசையாது. மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு துண்டை நாலாக மடித்துத் தொப்புள் மேல் வைத்து, "இது மேலே எழும்பட்டும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றேன். ஒன்பதாவது நாள்தான் துண்டு இரண்டு விரல் உயரம் எழும்பியது. எழுந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷம் மேல்மூச்சுதான் விட்டுட்டு இருந்தேனா?" என்று கேட்டார்.

நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். நாலு எண்ணி இழுப்பது, நிறுத்தாமல் ஆறு எண்ணி விடுவது, தினமும் பத்து நிமிடம். ஒரு செகண்டுக்கு ஒன்று என்று எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு இயல்பாகவே தணிகிறது, அதனால்தான் விடுவதை நீளமாக வைக்கிறோம். மூன்று மாதத்துக்குக் கும்பகம் வேண்டாம். நெஞ்சுப் படபடப்பு ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நாடிசுத்தி (மூக்கின் இரு பக்கமும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது) செய்ய உட்கார்ந்தாலே ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: எப்போதும் ஒரே பக்கமா, மாறி மாறியா என்று நாலு நாள் கவனியுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்கின் ஒரு பக்கச் சவ்வு வீங்கி, மறுபக்கம் தாராளமாகத் திறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். இடது மூச்சை இடகலை, வலது மூச்சைப் பிங்கலை என்று நம் ஆட்கள் பிரித்து, எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று கவனிக்கும் சரம் பார்ப்பது என்று ஒரு கலையே வைத்திருந்தார்கள். வலது அடைத்திருந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துக் கொஞ்ச நேரம் படுங்கள், திறந்துவிடும். பழைய படங்களில் முனிவர்கள் அக்குளில் வைத்திருக்கும் யோகதண்டம் என்ற கட்டைகூட சரத்தை, அதாவது மூச்சு ஓடும் பக்கத்தை, மாற்றுவதற்குத்தான். மாறாமல் ஒரே பக்கம் அடைத்திருந்தால் உள்ளே எலும்பு வளைந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கபாலபாதி 300 தடவை செய்கிறேன் மாஸ்டர். விரல் நுனியெல்லாம் ஜிவ்வென்று இருக்கிறது. சக்தி ஏறுகிறது என்று நண்பர் சொல்கிறார், உண்மையா?

பதில்: இல்லை. வேகமாக ஊதித் தள்ளும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மேல் குறைந்துவிடுகிறது, அதனால் வரும் மதமதப்பு அது. தலைசுற்றலும் இதனால்தான். கபாலபாதி ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று, பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை. சுற்றுக்கு 20, 30 போதும், நடுவில் சாதாரண மூச்சு. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு, குடலிறக்கம், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். பிராணாயாமம் ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

பதில்: தயவுசெய்து நிறுத்தவிடாதீர்கள் சகோதரி. மாத்திரையும் இருக்கட்டும், மூச்சும் இருக்கட்டும். அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். அம்மாவுக்குக் கும்பகம், பஸ்திரிகா (துருத்தி மாதிரி வேகமாக மூச்சு விடுவது) எதுவும் வேண்டாம். மேலே சொன்ன நாலுக்கு ஆறு, அப்புறம் பிராமரி. தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி போதும். உதடு மூடி, பல்லுக்கும் பல்லுக்கும் ஒரு அரிசி நுழையும் இடைவெளி விட்டு, வண்டு மாதிரி "ம்ம்ம்" என்று நீளமாக விடச் சொல்லுங்கள். சத்தம் பெரிதாக வேண்டாம், அதிர்வு மேலுதட்டிலும் மூக்குத் தண்டிலும் தெரிந்தால் சரி. ஏழு தடவை செய்யட்டும்.

கேள்வி: சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?

பதில்: மூன்று மணி நேரம். விடியற்காலை வெறும் வயிறு இன்னும் நல்லது.

கேள்வி: ஐயா, ஆறு மாதமாகத் தியானத்தில் புருவ மத்தியில் நீல வெளிச்சம் தெரிகிறது. முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி சக்தி எழுந்துவிட்டதா? அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பதில்: வெளிச்சம் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அதைத் தேடி உட்கார ஆரம்பித்தால் மூச்சைக் கோட்டைவிட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு, நிமிடத்துக்குப் பதினைந்து. அதில் எத்தனை மூச்சு நமக்குத் தெரிந்து போகிறது? என் அனுபவத்தில் நல்ல அறிகுறி வேறு. பயிற்சி முடிந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மூச்சு தானாக மெலிந்து, உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியாத அளவுக்குச் சன்னமாகும். எனக்கு அது முதல்முறை நடந்தது நாலாவது வருடத்தில், அரை நிமிடம்கூட இருந்திருக்காது, அன்று முழுக்க யாரிடமும் பேசத் தோன்றவில்லை. நாளையிலிருந்து தியானம் முடிந்ததும் எழுந்துவிடாமல் ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். மூக்குத் துளை ஓரத்தில் காற்று உரசுகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு மாதம் கழித்து என்ன நடந்தது என்று எழுதுங்கள்.