அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' ('பின்வாங்காமல் நில்') சட்டத்தை நீக்கினால் தற்காப்பு உரிமை போய்விடுமா?

போகாது. இந்தச் சட்டம் வந்த 2005க்கு முன்பும் அங்கே உயிரைக் காத்துக்கொள்ளச் சுடலாம். ஆனால் வீட்டுக்கு வெளியே, பத்திரமாக விலகிப் போக வழியிருந்தால் முதலில் விலக வேண்டும். அந்தக் கடமையைத்தான் 2005 சட்டம் எடுத்துவிட்டது. 2017 திருத்தத்துக்கு அப்புறம், தற்காப்புக்காகத்தான் செய்தேன், வழக்கே கூடாது என்று விசாரணைக்கு முன்பே ஒருவர் கேட்டால், அது தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

2018இல் கிளியர்வாட்டரில் ஒரு கடை வாசல். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கார் நிறுத்தியதில் தகராறு. தள்ளிவிடப்பட்டுக் கீழே விழுந்தவர் துப்பாக்கியை எடுக்கிறார். தள்ளியவர் பின்வாங்குவது கேமராவில் தெரிகிறது. அப்படியும் விழுந்தவர் அவரைச் சுட்டுக் கொன்றார். ஷெரீஃப் (உள்ளூர் காவல் தலைவர்) இந்தச் சட்டத்தைச் சொல்லி உடனே கைது செய்யவில்லை. கைதுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. 2019இல்தான் சுட்டவருக்கு 20 ஆண்டு சிறை கிடைத்தது.

ஆபத்தில் நிற்பவரிடம் 'ஏன் ஓடவில்லை' என்று கேட்கலாமா என்கிறார்கள் ஆதரவாளர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய விதியும் பத்திரமாக ஓட முடிந்த ஆளைத்தானே ஓடச் சொன்னது?