அபாஸ்ட்ரஃபியை இழக்காமல் அக்சென்ட் எழுத்து அடிக்க

கேள்வி: ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தலையில் கோடு (அக்சென்ட்) போட்ட 'இ'க்கு ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 0233 என்று எண் அடித்துவந்தேன். புது விண்டோஸ் லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லை. யூஎஸ் இன்டர்நேஷனல் லேஅவுட்டுக்கு (விசை அமைப்புக்கு) மாறினால் மேற்கோள் குறி ஒழுங்காக விழவில்லை. பேசாமல் பிரெஞ்சு கீபோர்டுக்கே போய்விடட்டுமா?

பதில்: வேண்டாம். அஸெர்ட்டி எனப்படும் பிரெஞ்சு கீபோர்டில் 'ஏ'யும் 'க்யூ'வும் இடம் மாறியிருக்கும்; 'இஸட்'டும் 'டபிள்யூ'வும் அதேபோல் இடம் மாறியிருக்கும். 'எம்' வேறு மூலைக்குப் போய்விடும், எண்களுக்கு ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். பல வருடமாகப் பழகிய விரல்களை ஏழெட்டு எழுத்துக்காகக் குழப்புவது நியாயமில்லை. அக்சென்ட் போட்ட பெரிய எழுத்துகளுக்கு அந்தக் கீபோர்டே வெகுகாலம் சரியாக வழி செய்யவில்லை. பிரான்ஸின் தர நிர்ணய அமைப்பான ஆஃப்நோர் 2019-இல் புதிய தரம் வெளியிட்ட பிறகுதான் அதற்கு முறையான இடம் கிடைத்தது.

உங்களுக்குத் தொல்லை தருவது 'டெட் கீ'. இன்டர்நேஷனல் லேஅவுட்டில் ஒற்றை மேற்கோளை (அதாவது அபாஸ்ட்ரஃபியை) அழுத்தினால் அது திரையில் விழாமல் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும்; உயிரெழுத்து வந்தால் அதன் தலையில் ஏறிவிடும். பிரெஞ்சில் வரிக்கு வரி வருகிற 'ஸே' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: சி, ஒற்றை மேற்கோள், இ, எஸ், டி. அடித்துப் பார்த்தால் மேற்கோள் காணாமல் போய், 'இ' கொம்பு முளைத்து நிற்கும். அபாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் உயிரெழுத்து வருவது பிரெஞ்சின் இயல்பு. அந்த மொழிக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு இருக்க முடியாது.

ஆகவே பழைய யூஎஸ் லேஅவுட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அக்சென்ட் எல்லாவற்றையும் வலது ஆல்ட்டுக்கு அடியில் கொண்டுபோய்விடுங்கள். லேஅவுட்டை நாமே உருவாக்க உதவும் மைக்ரோசாஃப்ட் கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் யூஎஸ் லேஅவுட்டைத் திறந்து, இடப்பக்கம் ஆல்ட்-கன்ட்ரோல் நிலையை டிக் செய்தால் காலி விசைகள் தெரியும்.

என் பரிந்துரை இது. பிரெஞ்சில் மிக அதிகம் வருவது வலப்பக்கம் உயரும் கோடு போட்ட 'இ'. அதை வலது ஆல்ட் + இ-யில் வையுங்கள். எதிர்ச்சாய்வுக் கோடு போட்டதைப் பக்கத்து 'ஆர்' விசையிலும், கூரை (^) போட்டதை 'டபிள்யூ'விலும் வைத்தால் மூன்றும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமைந்துவிடும். எதிர்ச்சாய்வுக் கோடு போட்ட 'ஏ'யும் வால் தொங்கும் 'சி'யும் அதனதன் விசையில். எதிர்ச்சாய்வுக் கோடு போட்ட 'யூ' பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்லில்தான் வருகிறது, 'எங்கே' என்று பொருள்படும் 'ஊ'. ஆனாலும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கம் நகராது, அதற்கும் இடம் கொடுங்கள். 'ஓ' விசையில் ஓ-வும் இ-யும் ஒட்டிய எழுத்து. இதயம், சகோதரி என்ற சொற்களுக்குத் தேவையான இது யூஎஸ் இன்டர்நேஷனலில் கிடையவே கிடையாது.

மீதமுள்ள கூரைக்கும் இரட்டைப் புள்ளிக்கும் டெட் கீ போதும். ^ குறி இருக்கிற 6-ஐயும், இரட்டை மேற்கோள் விசையையும் வலது ஆல்ட்டோடு சேர்த்து டெட் கீ ஆக்குங்கள். வலது ஆல்ட் பிடித்தால்தான் அவை காத்திருக்கும். வெறுமனே அழுத்தினால் மேற்கோள் மேற்கோளாகவே விழும்.

பலர் கோட்டைவிடுவது பெரிய எழுத்தில். ஷிஃப்ட்டும் வலது ஆல்ட்டும் சேர்ந்த நிலை தனி. அதையும் கையால் நிரப்ப வேண்டும். இன்னொன்று, விண்டோஸ் வலது ஆல்ட்டைக் கன்ட்ரோல்-ஆல்ட் என்றே எடுத்துக்கொள்கிறது. வேர்டில் கன்ட்ரோல்-ஆல்ட்டோடு 1, 2, 3 தலைப்பு வடிவங்களுக்கான குறுக்குவழி, அந்த மூன்று எண்களையும் தொடாதீர்கள்.

பிராஜெக்ட்டுக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் கொடுத்து, செட்டப் கோப்பை உருவாக்கி நிறுவுங்கள். உடனே யூஎஸ் இன்டர்நேஷனலை மொழிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தவறிப் பட்டு, பாதி வரியில் லேஅவுட் மாறிவிடும். பின்னால் திருத்தினால் பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும்.

மேக்கில் இவ்வளவு பாடு இல்லை. ஆப்ஷன் + இ, பிறகு இ என்று அடித்தால் கோடு வந்துவிடும், அபாஸ்ட்ரஃபிக்குச் சேதமில்லை. லினக்ஸிலோ, ஆல்ட்-ஜிஆர் (வலது ஆல்ட்) டெட் கீ கொண்ட யூஎஸ் இன்டர்நேஷனல் வகை தயாராகவே இருக்கிறது.

அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லையென்றால் இன்டர்நேஷனலிலேயே தொடருங்கள். வலது ஆல்ட் + இ அங்கேயும் கோடு போட்ட 'இ'யைத் தரும், வால் 'சி'க்கு வலது ஆல்ட் + கமா. அபாஸ்ட்ரஃபி அடித்ததும் ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள், இடைவெளி விழாமல் குறி மட்டும் விழும்.