பெட்டியில் 24 இருக்கிறது, திரையில் இருக்கிறதா?

இந்த வாரம் எல்லாமே ப்ளூ-ரே பிளேயர், டிவி சம்பந்தப்பட்ட கடிதங்கள். இடம் போதாததால் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் பழைய ப்ளூ-ரே பிளேயர் ஒன்று வாங்கினேன். டிவி புதிது, 43 அங்குலம். டிவி பெட்டியில் ‘24பி’ என்று போட்டிருக்கிறது. பிளேயரிலும் 24 என்று வைத்துவிட்டேன். ஆனாலும் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் விட்டு விட்டு நகர்கிறது. எதில் கோளாறு? (அல்சூர்)

பதில்: பிளேயரைச் சந்தேகப்பட வேண்டாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பேசும்படம் வந்த நாளிலிருந்து சினிமா விநாடிக்கு 24 பிரேம்தான், அதாவது 24 நிலைப்படங்கள். ப்ளூ-ரே படங்களில் பெரும்பாலானவை அதே கணக்கில்தான் பதிவாகியிருக்கின்றன (துல்லியமாகச் சொன்னால் 23.976). உங்கள் டிவி திரை விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது (60 ஹெர்ட்ஸ் என்பது இதைத்தான்) என்று வையுங்கள். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வருகிறது. ஒரு பிரேமை இரண்டரை முறை காட்ட முடியாது. அதனால் ஒன்றை 2 முறை, அடுத்ததை 3 முறை, மறுபடி 2 முறை என்று காட்டுகிறது. ஒரு பிரேம் விநாடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் நிற்கிறது, அடுத்தது 20-ல் ஒரு பங்கு. நடிகர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் இது தெரியாது. வயல்வெளியைக் கேமரா மெதுவாகச் சுற்றிவரும்போது தாளம் தப்பியது போலக் கண்ணில் படும். திரை 48, 72, 96, 120 என்று 24-ன் மடங்கில் ஓடினால் ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு நேரம் நிற்கும். இந்தச் சிக்கலே வராது.

பெட்டியில் ‘24பி’ என்று போட்டால், விநாடிக்கு 24 பிரேம் வரும் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள். வாங்கிய பிறகு உள்ளே அதை 60-ஆக மாற்றிக்கொண்டாலும் பெட்டியில் எழுதியது பொய்யாகாது. ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் ‘1080பி 24 ஹெர்ட்ஸ்’ என்று வரும் (1080 என்பது படத்தில் உள்ள வரிகளின் எண்ணிக்கை). அதுவும் உள்ளே வந்த சிக்னலைத்தான் சொல்கிறது. திரை என்ன செய்கிறது என்பதை எங்கேயும் சொல்வதில்லை.

2009-ல் நானும் இதே சொல்லை நம்பித்தான் ஒரு எல்சிடி டிவி வாங்கினேன். தீபாவளி போனஸ் முழுக்க அதில் போனது. படம் விட்டு விட்டுத் தட்டுகிறது என்று பிளேயரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். கடைசியில் சர்வீஸுக்கு வந்த பையன்தான் உண்மையைச் சொன்னான்: “சார், இந்தப் பேனல் அறுபதுதான்.” பேனல் என்றால் திரை. கடைக்குப் போய்க் கேட்டேன். “வாங்கிக்கும்னுதானே போட்டிருக்கு, காட்டும்னு எங்க போட்டிருக்கு?” என்றார்கள். பணம் திரும்பவில்லை. வாங்குபவனுக்குத் தேவையான ஒரே தகவலை மறைத்துவிட்டு, தேவையில்லாததைப் பெரிய எழுத்தில் போடும் இந்த வழக்கத்தை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 24 சிக்னல் வந்தால் திரை எத்தனை ஹெர்ட்ஸில் ஓடும் என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும். இதை எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

சரி, உங்கள் டிவிக்கு வருவோம். முதலில் பட அமைப்புகளில் தேடுங்கள். சோனியில் ‘சினிமோஷன்’, எல்ஜியில் ‘ரியல் சினிமா’ என்று இருக்கும். அது அணைந்திருந்தால் போட்டுப் பாருங்கள். அப்புறம் பிளேயரில் 24-ஐ ஒருமுறை போட்டும் ஒருமுறை அணைத்தும், படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும் இடத்தைப் பாருங்கள். இரண்டிலும் எழுத்துகள் ஒரே மாதிரி உதறி உதறி ஏறினால் டிவிதான் 60-ஆக மாற்றுகிறது. 60 ஹெர்ட்ஸ் டிவி என்றாலே ஆகாது என்றும் நினைக்காதீர்கள். 24 வந்தால் 48-க்கு மாறிக்கொள்ளும் 60 ஹெர்ட்ஸ் டிவிகளும் உண்டு. அதனால்தான் வாங்குவதற்கு முன் சொந்த டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தாலும் கேமரா வேகமாகத் திரும்பும் காட்சியில் கொஞ்சம் தட்டத்தான் செய்யும். 24 பிரேமின் இயல்பு அது. ஓஎல்இடி திரையில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) அது இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் அந்தத் திரை ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்குக் கண நேரத்தில் மாறிவிடுகிறது. அதைக் கோளாறு என்று எண்ணி டிவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: புது டிவியில் எந்தப் படம் போட்டாலும் சீரியல் பார்ப்பது போல இருக்கிறது. (ஒயிட்ஃபீல்ட்)

பதில்: இல்லாத பிரேம்களை டிவியே கற்பனை செய்து நடுவில் செருகுகிறது. அதை அணையுங்கள். சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸ் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மோஷன் ரேட் 240’ என்கிறார்களே, அது 24-ன் மடங்குதானே? (மாரத்தஹள்ளி)

பதில்: அது விளம்பர எண். திரையின் வேகம் அதுவல்ல. பேனல் 60-ஆ, 120-ஆ என்று கேளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். 24 பிரேம் வர வேண்டுமானால் தனி எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும் என்று கடையில் 4,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். படத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னிடம் இருப்பது பழைய 1080 டிவிதான். (ராமமூர்த்தி நகர்)

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள் ஐயா. படிக்கும்போதே வயிறு எரிந்தது. 1080-ல் விநாடிக்கு 24 பிரேம் அனுப்புவது, 60 அனுப்புவதைவிடக் கேபிளுக்குப் பாதி வேலைதான். சில நூறு ரூபாய் கேபிளே தாராளமாகப் போதும். விநாடிக்கு 18 ஜிகாபிட் தகவல் கடத்தும் கேபிள் என்று பார்த்து வாங்க வேண்டியது, 1080-ஐவிட நுணுக்கமான 4கே படத்தை 60 பிரேமில் அனுப்பும்போதுதான். உங்களுக்கு அது தேவையே இல்லை.

பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பொருளில் பழுது இல்லை என்று அவர்கள் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், அதற்கு மடங்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்த ப்ளூ-ரே பிளேயரைச் செருகியதும் புகை வந்துவிட்டது. 24பி வசதி நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரிடம் கேட்கலாமா? (கோரமங்களா)

பதில்: கேட்க வேண்டாம். பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230. படித்துவிட்டும் செருகினால் கொண்டுவந்தவர் என்ன செய்வார்? தகட்டில் 100-240 என்று இருந்தால் மட்டுமே நேரடியாகச் செருக வேண்டும்.

புகை வராமல் இருந்திருந்தாலும் உங்களுக்குப் பாதிப் பயன்தான். ப்ளூ-ரே டிஸ்க்குகளை நாடுகளின் மண்டலப்படி பூட்டுவதுண்டு. அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். சி என்று பூட்டிய டிஸ்க் அதில் ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு இல்லை.

கேள்வி: ரிமோட் இல்லாமல் மலிவாகப் பிளேயர் வாங்கினேன். 24 அமைப்பு எங்கே இருக்கிறது? (யஷ்வந்தபுரம்)

பதில்: மெனுவில். மெனு ரிமோட்டில். முதலில் ரிமோட் வாங்குங்கள்.

கேள்வி: மகள் வயலின் படிக்கிறாள். பழைய படப் பாடல்களை டிவிடியில் போட்டுக் கூடவே வாசித்தால் சுருதி சேரவில்லை. அதே பாடல் ஆடியோ சிடியில் சேர்கிறது. பிளேயரை மாற்ற வேண்டுமா? (மல்லேஸ்வரம்)

பதில்: உங்கள் மகளின் காது பொன்னான காது. பிளேயர் சரியாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டு டிவி ஒளிபரப்பு விநாடிக்கு 25 பிரேம் கணக்கு. 24-ல் எடுத்த படத்தை அந்தக் கணக்குக்குக் கொண்டுவர, பால் (PAL) எனப்படும் அந்த 25 பிரேம் முறை டிவிடிகளில் படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவு செய்துவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிடம் முன்னதாக முடியும். ஒலியும் சேர்ந்து வேகமாவதால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். சிலர் சுருதியை மட்டும் சரிசெய்து பதிவு செய்வதுண்டு, பலர் செய்வதில்லை. ஒரு பாடகர் எந்தக் கட்டையில் பாடினார் என்பதைக்கூடக் கெடுத்துவிட்டு அதைச் சொல்லாமலே விற்றிருக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

டிஸ்க்கிலேயே அப்படிப் பதிந்துவிட்டதால் பிளேயரில் 24 என்று வைத்தாலும் மாறாது. அதே படம் என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) டிவிடியாகவோ 24 பிரேம் ப்ளூ-ரேயாகவோ கிடைத்தால் சரியான சுருதியில் இருக்கும். கிடைக்கும்வரை ஆடியோ சிடியோடு வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிஸ்க் மெனுவிலிருந்து படம் தொடங்கும்போது திரை ஓரிரு விநாடி கறுப்பாகிறது. (ஜெயநகர்)

பதில்: சிக்னல் 60-லிருந்து 24-க்கு மாறுகிறது. நல்ல அறிகுறி, விட்டுவிடுங்கள்.

கேள்வி: கடையில் காட்டியது 120 ஹெர்ட்ஸ் டிவி. வீட்டுக்கு வந்தது 60. மாடல் எண்ணில் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. “ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார் கடைக்காரர். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் வாங்கியது. பத்து நாள் ஆகிறது. (ஸ்ரீராமபுரம்)

பதில்: ரெண்டும் ஒன்றில்லை. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பெட்டி, பில் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இனி கடைக்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாம் எழுத்தில். மாற்றித் தர ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். மறுத்தால் 1915, அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், கடையில் காட்சிக்கு வைத்த டிவியை மாற்றிவிடுவார்கள். முடிந்தால் நாளையே போய் அதன் மாடல் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பில்லில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை உடனே எனக்கு எழுதுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.