வாசகர் கேள்வி: பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தால்?

கேள்வி: "தேவிகுளமும் பீர்மேடும் (இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தாலுகாக்கள்) 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்திருந்தால் முல்லைப்பெரியாறு வழக்கே வந்திராது" என்று எங்கள் ஊர் டீக்கடைகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகளோ, நடக்காததைப் பேசுவது வரலாறு ஆகாது என்கிறாள். யார் சொல்வது சரி?
(வாசகர், குமுளி)

பதில்: உங்கள் மகளின் எச்சரிக்கை நியாயமானதே, ஆனால் அது பாதி வழிக்குத்தான் துணை வரும். "இன்ன காரணத்தால் இது நடந்தது" என்று எழுதும் வரலாற்றாசிரியர், அக்காரணம் இல்லாவிட்டால் அது நடந்திராது என்பதையும் சொல்லாமலே சொல்லிவிடுகிறார். சொல்லாமல் விட்ட அந்தப் பாதியைச் சோதித்துப் பார்க்கவே "நடந்திருந்தால்" என்ற கேள்வி உதவுகிறது.

ஆனால் மாற்றிப் பார்க்கும் நிகழ்ச்சி, அக்காலத்தவர் முன் உண்மையாகவே திறந்திருந்த வழியாக இருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் விமானம் இருந்திருந்தால் என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு. பீர்மேட்டுக் கேள்வி அப்படிப்பட்டதன்று. நேசமணியின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் அவ்விரு தாலுகாக்களையும் கேட்டுப் போராடியது. மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைக்கப்பட்ட பசல் அலி ஆணையம் அதை ஆராய்ந்து, தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகும் மக்கள் என்றும், அம்மலைப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்றும் கருதி, 1955இல் மறுத்துவிட்டது. மொழி ஒன்றே அளவுகோலாயிருந்தால், தமிழர் பெரும்பான்மையாயிருந்த தேவிகுளத்தின் முடிவேனும் வேறாகியிருக்கும். ஆகவே "மொழிவாரி மாநிலம்" என்ற பெயர் இந்த எல்லையின் காரணங்கள் அனைத்தையும் சொல்லிவிடவில்லை என்பது, இப்படி மாற்றிப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரிகிறது. எல்லை அசையாத ஒன்றாகவும் இருக்கவில்லை: ஆந்திரத்திலிருந்த திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது.

இனி, வழக்கு. முல்லைப்பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது; அதற்கான நிலத்துக்குத் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 1886இல் எழுதப்பட்டது 999 ஆண்டுக் குத்தகை. அணை தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்திருந்தால், குத்தகை கொடுத்தவர் யார், எடுத்தவர் யார் என்ற பேச்சே பொருளற்றுப் போயிருக்கும்; நீர்மட்டம் 1979இல் 136 அடிக்கு இறக்கப்பட்டதும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்ததும் இதே வடிவில் நிகழ்ந்திரா. இதுவரை பெரியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் பெரியாறு மேற்கே ஓடும் ஆறு. எல்லைக்கோட்டை எங்கே வரைந்தாலும், அணையைத் தாண்டிய நீர் இடுக்கி வழியாக ஆலுவா நோக்கித்தான் செல்லும். அணையின் உறுதியைப் பற்றிக் கீழே வாழ்பவர்களுக்கு இருக்கும் அச்சமும் அப்படியே இருந்திருக்கும். அணையிலிருந்து கிழக்கே தமிழ்நாட்டுக்குத் திருப்பப்படும் நீரின் அளவு என்ன என்று, காவிரியில் கடைமடைக்காரர்களாக நாம் கேட்பதைப் பெரியாற்றில் கேரளத்தார் நம்மிடம் கேட்டிருப்பார்கள். வழக்கு வந்திராது என்பதைவிட, வேறு வழக்கு வந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

இதற்கு மேலும், இடுக்கி மின் திட்டம் எழுந்திருக்குமா, உங்கள் ஊர்ப் பள்ளிகளில் எந்த மொழி முதலிடம் பெற்றிருக்கும் என்று ஊகத்தின் மேல் ஊகம் அடுக்கத் தொடங்கினால், நான் உங்கள் மகளின் கட்சியில் சேர்ந்துவிடுவேன். அதற்கு முன் அவரை அந்த 1955ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளும் அதில் காரணங்களோடு பதிவாகியிருக்கின்றன.